அடைப்புக்குறிக்குள்

கராஜில் அப்பாவின் பேச்சு இருபத்தேழு தொகுதி.
சிவப்பு அட்டை, பொன்னெழுத்து,
டர்பன் ஈரத்தில் உப்பிக் கிடக்கிறது.
பழைய ஃபிரிட்ஜின் முன்காலுக்கு அடியில் எண்பத்தேழாம் வருஷம்.
வைத்தது அவரேதான்.
"இதாவது ஒன்றைத் தாங்கட்டும்" என்றார்.

பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டேன்.
ஒரு செட் இருக்கிறதாம், யாரும் எடுப்பதில்லையாம்.
இருந்தாலும் வியாழக்கிழமை வேன் அனுப்புகிறார்களாம்.

தேவநாதன் பாவாடை,
சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாக இன்ஷூரன்ஸ் விற்றவர்,
சாவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்.
கதவு பாதி திறந்தால் பாதி உடம்பை நுழை:
அவருடைய அரசியல் அவ்வளவுதான்.
மீதி உடம்பு தெருவில் அடிபட்டது.

எண்பத்து நாலு ஆகஸ்ட்.
வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தாருக்கு ஒன்று, நமக்கு ஒன்று;
கறுப்பருக்கு ஒன்றுமில்லை.
தொகுதியில் பதினெட்டாயிரம் பேர்.
ஓட்டுப் போட வந்தவர்கள் ஆயிரத்து எழுநூறு.
அவருக்கு விழுந்தது ஆயிரத்துப் பன்னிரண்டு.
வாக்குச்சாவடி வாசலில் பதாகை பிடித்த பெண்களில் நானும் ஒருத்தி.
காரை விட்டு இறங்கியவர் நேரே என்னிடம் வந்து
"சாப்பிட்டியா" என்றார்.
பக்கத்தில் நின்றவள் ஓரடி தள்ளி நின்றாள்.

மதிலில் எழுதினார்கள், விலைபோனவன் என்று.
ஞாயிறு தோறும் அவர் சுண்ணாம்பு அடித்தார்.
எங்கள் சாலையிலேயே
எப்போதும் புதுசாக இருந்தது அந்த மதில்தான்.

இப்போதுதான் படிக்கிறேன்.
யூனிட் மூன்றில் மதுக்கடை கூடாது. ஞாயிறு சினிமா கூடாது.
கூழ் ஊற்றும் வெள்ளிக்கு மில்லில் அரைநாள் லீவு வேண்டும்.
பள்ளிப் பெண்களின் பாவாடை
முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று
மாண்புமிகு பாவாடை பேசியிருக்கிறார்.
(சிரிப்பு) என்று போட்டிருக்கிறது.
தமிழ் தெரிந்த நாலு பேர் சிரித்திருப்பார்கள்.
குறிப்பெடுத்த வெள்ளைக்காரிக்கு
ஏனென்று கடைசிவரை தெரிந்திருக்காது.

எண்பத்தாறு ஜூன், நெருக்கடி நிலை.
நாடே புகைந்த அந்த வாரம் அவர் கேட்ட ஒரே கேள்வி:
217ஆம் சாலை மழைநீர்க் கால்வாய்க்கு
எத்தனை அங்குலக் குழாய்?
படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.
வெளியே போய் அந்தக் கால்வாயைப் பார்த்தேன்.
பதினெட்டு அங்குலம் இருக்கும்.

அதே வாரம்தான் எதிர்வீட்டு யோகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
எட்டாம் நாள் விட்டார்கள், மூன்று பல் இல்லாமல்.
உங்கப்பா போன் போட்டதால்தான் என் பிள்ளை வந்தான்
என்று சாலாச்சி அக்கா சாகும்வரை சொன்னாள்.
யார் கேட்டார்கள் அவரை, அவர் யாருக்கும் பேசவில்லை என்பான் யோகன்.
இன்று அவனும் எம்.பி.
அதே கேப் டவுன், வேறு மண்டபம்.
அப்பாவின் சாவுக்கு மலர்வளையம் வந்தது,
அட்டையில் பெயரில்லாமல்.

கேட்டால் அப்பா பேப்பரைத் திருப்புவார்.
தொண்ணூற்று நாலில் அவை போயிற்று, பென்ஷன் வந்தது.
வெயிலில் ஐந்து மணிநேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்.
யாருக்கென்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நேற்று அவர் கணக்குநோட்டு அகப்பட்டது.
ஒவ்வொரு வெளியூர் அழைப்பும், நிமிஷமும், சென்ட்டும்;
மாதக் கடைசியில் கூட்டி அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்வார்.
கஞ்சன் என்று அம்மா திட்டுவாள்.
ஜூன் பதினான்கு, இரவு ஒன்றே முக்கால்.
பிரிட்டோரியா. பதினோரு நிமிஷம்.
ஓரத்தில் பென்சிலால்: என் செலவு.

பதினோரு நிமிஷம்.
மன்றாடினாரா, மிரட்டினாரா,
எதையாவது விற்றாரா,
இல்லை, யாரோ ஒரு அதிகாரியின் மனைவிக்குப்
பாலிசி புதுப்பிக்கும் தேதியா?
பக்கத்தில் ஒரு குறுக்கீடு கூட இல்லை,
சிரிப்பும் இல்லை.

ஃபிரிட்ஜை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க
நாளைக்கு ஆள் தேடவேண்டும்.
நோட்டு வேனில் ஏறாது.